போர்வையும் கயிறும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மழைக்கால மலைச்சாரலில் நின்ற மயில் ஒன்று குளிரால் நடுங்குகிறதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழ் கற்ற சிறுவர் யாவரும் அறிந்த செய்தி. அச்செய்தியின் மறுபாதியை அறிந்தோர் சிலரே. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள் பொருட்டு அவனை இடித்துரைத்த பாடல்கள் ஐந்து, புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. மயிலுக்கு ஈந்த கொடையைச் சுட்டிக்காட்டியே, அவள் துயர் தீர்ப்பதே யாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். பேகன் அவளை மறந்து நாடிச் சென்ற ஊரை அவர் நல்லூர் என்று குறிக்கிறார். அது நம் நல்லூர் அன்று. ஆயினும் அச்சொல்லின் முள் நம்மையும் சற்றே தொடத்தான் செய்கிறது.

புலவர்களின் நோக்கம் மயிலுக்கு ஈந்ததைப் பழிப்பதன்று. ஒரு திசையில் ஊறும் அருள் மறுதிசையில் வற்றிக் கிடக்குமாயின், அது அருள்தானா, அன்றி அருளின் நிழல்தானா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. காயமுற்ற காட்டு விலங்குகளைப் பேணும் மீட்பு நிலையங்கள் பல நாடுகளிலும் நிறுவப்பட்டுள்ள இந்நாளில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு பழைய அவ்வினா புதிய வடிவில் நம்முன் நிற்கிறது. மனிதர் பசியால் வாடுகையில் விலங்குக்கு இரங்குவது அறமா? அன்றி, அறத்தினின்று தப்பியோடக் கண்டுபிடித்த நாகரிகமான வழியா?

இவ்வினாவை வெறும் தருக்கமாக அன்றி, நடைமுறை வாழ்வில் வைத்து ஆராய்வதே நமக்கு உகந்தது. அதற்கு வட இந்தியக் குளிர்காலம் ஒரு சான்றைத் தருகிறது. 1995இல் தொடங்கப்பட்ட வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பு, மதுரா நகருக்கு அருகே 2010 முதல் யானைகளுக்கான பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. சர்க்கஸ் கூடாரங்களிலும், திருமண ஊர்வலங்களிலும், தெருக்களில் பிச்சைக்காகவும் உழைத்துத் தேய்ந்த யானைகள் அங்கு வாழ்கின்றன. மார்கழி, தை மாதங்களில் அப்பகுதியில் பனிமூட்டம் கவிகிறது. இரவில் வெப்பம் சில பாகைகளுக்கு இறங்குகிறது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அயற்கிராமப் பெண்கள் அந்த யானைகளுக்காகப் பல வண்ணக் கம்பளிச் சட்டைகளைப் பின்னிக் கொடுத்தனர். அப்படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியாயின. பேகனின் போர்வை மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பேகனின் மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை. அதன் இறகே அதற்குப் போர்வை. மதுராவின் யானைகளுக்கோ அது வேண்டியிருந்தது. இமயத்தின் அடிவாரக் காடுகளில் யானைகள் எவர் துணையுமின்றிக் குளிர்காலத்தைக் கடக்கின்றன. உடல்நலமுள்ள யானை நடந்து, மேய்ந்து, தன் இனத்தோடு நெருங்கி நின்று குளிரைத் தாங்கும். முதுமையும் மூட்டு நோயும் பாதப் புண்ணும் குருடும் கொண்ட யானையால் அது இயலாது. அவ்வுடலை அந்நிலைக்கு ஆளாக்கியது குளிரன்று, மனிதனின் சங்கிலி. ஆகவே கம்பளிச் சட்டை அங்கே தயவின் அடையாளம் மட்டுமன்று. பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிச் செலுத்துவதும் ஆகும்.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். அதே வட இந்தியாவில், அதே பனி இரவுகளில், வீடற்ற மனிதர் நடைபாதையில் சுருண்டு கிடக்கின்றனர். அவர்களிற் சிலர் விடியலைக் காண்பதில்லை. யானைக்குச் சட்டை பின்னிய கை அவர்களுக்குப் பின்னலாகாதா? இம்மறுப்பை எள்ளி ஒதுக்குவது நமக்குத் தகாது. கொழுத்த சீமாட்டிகளின் மடியில் நாய்க்குட்டி பாலருந்த, அவர்தம் சமையற்காரியின் பிள்ளை பட்டினி கிடக்கும் உலகை நாம் அறிவோம். விலங்கோடு நின்றுவிடும் இரக்கம், சுரண்டும் வர்க்கத்தின் பொழுதுபோக்காக மாறிய வரலாறும் நீண்டது. ஆனால், கிராமத்து ஏழைப் பெண்களின் பின்னலூசியின்மேல் இப்பழியைச் சுமத்துவது பொருந்துமா? இரக்கம் படியால் அளந்து பங்கிட்டுத் தீரும் அரிசியா? இதற்கு விடை காண, அதே அமைப்பின் மற்றொரு நிலையத்துக்குச் செல்வோம்.

ஆக்ராவுக்கு அருகே, கீத்தம் ஏரியைச் சார்ந்த காப்பகத்தில் கரடிகள் மீட்பு நிலையம் உள்ளது. அங்கு வாழ்பவை 'ஆடும் கரடிகள்' எனப் பெயர்பெற்றிருந்தவை. நம் வன்னிக் காடுகளில் தேனும் பாலைப்பழமும் தேடித் திரியும் கரடியின் இனமே அதுவும். கலந்தர் எனப்படும் நாடோடி முஸ்லிம் மக்கள், அக்கரடிகளை ஆட்டுவித்துப் பல தலைமுறைகளாகப் பிழைத்து வந்தனர். தாய்க்கரடியைக் கொன்று குட்டி கவரப்படும். சில மாதக் குட்டியின் முகத்துருத்தி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைக்கப்படும். அத்துளையூடு கயிறு செல்லும். பற்கள் உடைக்கப்படும். கயிற்றைச் சுண்டும்போது எழும் வேதனையே 'ஆட்டம்' எனக் காட்சிக்கு வந்தது. இக்கரடி கறையான் புற்றைப் பிளந்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, நீண்ட உதட்டைக் குழல்போலக் குவித்துக் கறையானை உறிஞ்சும். அதன் மேல்வரிசை முன்பற்களில் இரண்டு இயற்கையாகவே இல்லாதிருப்பதும் இதற்காகவே. அதாவது, எந்த உறுப்பால் அது உயிர்வாழ்கிறதோ, அந்த உறுப்பிலேயே கயிறு கோக்கப்பட்டது.

அந்நிலையத்தின் குளிர்கால நாள் பனிமூட்டத்தில் தொடங்குகிறது. இவ்வினக் கரடி குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடப்பதன்று. நாள்தோறும் உண்ண வேண்டும். பல்லற்ற வாய்க்கு ஏற்பத் தானியக் கஞ்சி காய்ச்சப்படும். குளிர்காலத்தில் உடலுக்குச் சூடுதரும் வெல்லமும் பேரீச்சம்பழமும் முட்டையும் உணவிற் சேரும். கூண்டறைகளில் வைக்கோல் மெத்தென்று பரப்பப்படும். ஈரமானது அகற்றப்பட்டுப் புதியது இடப்படும். வெயில் ஏறியபின் கரடிகள் வெளியே திறந்துவிடப்படும். பார்வையிழந்தவை மணம் பிடித்தே வழியறியும். பழைய ஆட்டத்தின் நினைவில் நின்ற இடத்திலேயே தலையை அசைத்துக்கொண்டிருக்கும் கரடிக்கு, மரக்கட்டையின் துளையில் தேனை ஒளித்துவைத்துத் தேடக் கற்பிப்பர். கரடிக்குக் கரடியாக இருக்கக் கற்பிக்க வேண்டிய நிலை! கஞ்சி, வைக்கோல், மருந்து, கழுவல், மறுநாளும் அதுவே. மீட்பு என்னும் பெருஞ்சொல்லின் உட்பொருள் இத்தகைய சலிப்பூட்டும் உழைப்பேயன்றி வேறன்று. படமெடுக்க வருவோர் போனபின்னும் வைக்கோல் மாற்றப்பட வேண்டும்.

இங்கேதான் நாம் சொல்ல விழையும் செய்தி அடங்கியுள்ளது. கயிற்றுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனையில் கரடியின் துளைத்த முகம். மறு முனையில் ஒரு மனிதனின் கை. அந்தக் கையும் பசித்த கையே. நிலமில்லை, பள்ளிப்படிப்பில்லை, அரசரும் ஜமீன்தாரும் மறைந்தபின் ஆதரிப்பாரும் இல்லை. கரடியோடு ஒரே கூரையின்கீழ் உறங்கினான். ஒரே தெருப்புழுதியை உண்டான். மீட்கப்பட்ட கரடிகள் பலவற்றிடம் காசநோய் காணப்பட்டது. காசநோய் எத்தகைய குடில்களைத் தேடிவரும் நோய் என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி, இக்கயிற்றைப் பிடிக்காத மூன்றாம் கை ஒன்றும் உண்டு. தாஜ்மகாலைக் காணச் செல்லும் நெடுஞ்சாலையோரம் வாகனத்தை நிறுத்தி, ஆட்டம் கண்டு, காசு எறிந்து சென்ற கை அது. குற்றப்பத்திரிகையில் அக்கையின் பெயர் வருவதேயில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இத்தொழிலைத் தடைசெய்தது. தடைசெய்து என்ன? இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கரடிகள் வீதிகளில் ஆடிக்கொண்டிருந்தன. சட்டம் கயிற்றின் ஒரு முனையை மட்டும் கண்டது. மறு முனையிலிருந்தவனுக்குச் சிறையைக் காட்டிற்று, சோற்றைக் காட்டவில்லை. 2002ஆம் ஆண்டின் இறுதியில் முதற் கரடிகள் ஆக்ராவுக்கு வந்தபோது கையாளப்பட்ட முறையோ வேறு. கரடியை ஒப்படைத்து, இனி இத்தொழிலைத் தொடேன் என உறுதி எழுதிக்கொடுத்த கலந்தருக்கு மாற்றுத்தொழிலுக்கான முதல் வழங்கப்பட்டது. ஒருவர் ஓட்டோ ஓட்டினார். ஒருவர் சிறுகடை வைத்தார். பெண்கள் தையலும் நெசவும் பயின்றனர். பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். கலந்தர்களிற் சிலர் மீட்பு நிலையங்களிலேயே வேலைக்கு அமர்ந்தனர். 2009ஆம் ஆண்டின் இறுதியில் கடைசிக் கரடியும் வந்து சேர்ந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டிருந்தன. பல தலைமுறைக் கொடுமை ஏழாண்டுகளில் முடிவுற்றது. கலந்தர் அனைவரின் வாழ்வும் மலர்ந்துவிட்டதென நாம் கூறத் துணியோம். வறுமை அத்தனை எளிதில் விடைபெறுவதில்லை. ஆயினும், இரு முனைகளையும் ஒருங்கே அவிழ்த்தால்தான் கயிறு அவிழும் என்னும் உண்மை அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

நம் தீவிலும் இதே கயிறு கிடக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். துப்பாக்கிச் சூடு, மின்வேலி, உணவில் மறைத்து வைக்கப்படும் வெடி, புகையிரதம் எனச் சாவுக்கு வாயில் பல. தாயை இழந்த கன்றுகள் உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் நிறுவிய யானைகள் இடைத்தங்கல் நிலையத்தில் வளர்கின்றன. அங்கு சில மணிநேரத்துக்கு ஒருமுறை பால் ஊட்டப்படும். பார்வையாளர் தொலைவில் நின்றே காணலாம். மனிதரோடு பழக்கம் மிகாமற் காத்து, சில ஆண்டுகளின்பின் கன்றுகளைக் கூட்டமாகக் காட்டில் விடுவதே அந்நிலையத்தின் நோக்கம். அவ்வாறு நூறுக்கு மேற்பட்டவை விடுவிக்கப்பட்டுள்ளன. 1975இல் தோன்றிய பின்னவலையிலோ அநாதைக் கன்றுகள் வளர்ந்து, அங்கேயே ஈன்று, காட்சிப் பொருளாகவே ஆயுளைக் கழிக்கின்றன. இரண்டும் காப்பாற்றுகின்றன, ஒன்றே விடுவிக்கிறது. தன்னைச் சார்ந்தே என்றும் நிற்கச் செய்யும் தருமத்துக்கும், தன்னை வேண்டாத நிலைக்கு உயர்த்தும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்காது. மனிதருக்குச் செய்யும் உதவிக்கும் இதுவே உரைகல்.

ஆயின் உடவளவையில் விடப்படும் கன்று எந்தக் காட்டுக்குச் செல்லும்? அதன் வழித்தடத்தில் எவருடைய வயல் உள்ளது? ஒரே இரவில் ஒரு போகத்தை இழந்த முல்லைத்தீவுக் கமக்காரனுக்கு நட்டஈடு எப்போது கிடைக்கும்? இக்கேள்விகளுக்கு விடையின்றிக் கன்றுக்குப் பாலூட்டுவது, ஒரு கையால் ஊட்டி மறு கையால் அநாதையாக்குவதே. 2022 மார்கழியில் மாண்டூஸ் புயலையொட்டி வீசிய குளிரில், வடக்கிலும் கிழக்கிலும் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் விறைத்து மடிந்தன. அவை காட்டு விலங்குகள் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. கொட்டில் கட்ட வசதியற்றவனின் மாடே வெட்டவெளியில் நின்று செத்தது. விலங்கின் குளிரும் அதன் உடையவனின் வறுமையும் ஒரே மழையில் நனைந்தன.

வயிறு நிரம்பியவனுக்கே விலங்குமேல் இரக்கம் வரும் என்று இன்னும் எவரேனும் வாதிப்பாராயின், அவருக்கு நம் மண்ணே விடை கூறும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் வீடுகளைத் துறந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. எங்கே செல்கிறோம், என்ன உண்போம் என்று அறியாத அம்மக்களிற் பலர், படலையைச் சாத்துமுன் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டே புறப்பட்டனர் என்பதை நம் மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். எல்லாம் இழந்து நின்ற கைக்கும் ஒரு முடிச்சை அவிழ்க்கத் தெரிந்திருந்தது. பிறவுயிரின் துயரை உணரும் ஆற்றல் செல்வர்களின் தனியுடைமை அன்று; உழைக்கும் மக்களின் பொதுச்சொத்து அது.

சீவகாருணியத்தை உயிர்மூச்செனப் போற்றிய வள்ளலார், 1867இல் வடலூரில் முதலில் நிறுவியது பசித்த மனிதருக்குச் சோறிடும் தருமச்சாலையையே. எல்லா உயிருக்கும் இரங்கிய அவருக்கு, மனிதனின் பசி அவ்விரக்கத்தின் எதிரியாகத் தோன்றவில்லை. அதன் வாயிலாகவே தோன்றிற்று. மனிதனா விலங்கா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இவ்விருவரையும் ஒரே கயிற்றின் இரு முனைகளிற் கட்டியவர் யார்? அக்கயிற்றால் ஆதாயம் அடைந்தவர் யார்?

நம் வகுப்பறைகளில் பேகனின் போர்வை ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது. நான்கு புலவர்களின் சினம் கற்பிக்கப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்தே கற்பிப்போம். மயிலுக்குப் போர்வை ஈயும் உள்ளம் மாணவர்க்கு வேண்டும். அப்போர்வை அதற்குத் தேவைதானா என்று ஆராயும் அறிவும், அதைப் போர்த்தியவன் வீட்டு வாயிலில் அழுதுகொண்டிருப்பவள் யாரென்று கேட்கும் துணிவும் வேண்டும். ஆக்ராவின் கரடிகள் முதுமையுற்று ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றின் இடத்துக்குக் கயிறு கோத்த புதிய குட்டிகள் வீதியிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கும் நிலை இன்றில்லை. தன் பணி குறைந்து வருவதையே தன் வெற்றியாகக் கொள்ளும் நிலையமே உண்மையான மீட்பு நிலையம். நாம் சமைக்க விரும்பும் சமுதாயத்துக்கும் அதுவே இலக்கணம்.