பழகுவதற்குப் பிள்ளைகளா?

எனது பெறாமகள் ஒருத்தி இங்கே ரொறன்ரோவில் ஆசிரியர் கல்வி பயில்கிறாள். வருகிற திங்கட்கிழமை முதன்முதலாக ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியையாகப் போகிறாள். வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "சித்தப்பா, நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தானே பழகப்போறன். நான் பழகிறதுக்கு அந்தப் பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?"

பயத்தில் கேட்டாள் என்று தள்ளிவிட முடியவில்லை. கேள்வி நியாயமானது. தச்சுவேலை பழகுபவன் பலகையைப் பழுதாக்கினால் வேறு பலகை எடுக்கலாம். நான் கணக்காளன், பேரேட்டில் பிழை விழுந்தால் திருத்தப் பதிவு போட்டு நேராக்கிவிடுவேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை 'எனக்குக் கணக்கு ஓடாது' என்று ஒருநாள் முடிவுகட்டிவிட்டால், அதற்கு எந்தப் பதிவைப் போடுவது?

மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் இல்லாத அறையில் பேசிப் பழகலாம். விளங்காத முகத்தை இனங்காணப் பழக முடியாது. இன்றைய பிள்ளைகள் இடம் கொடுக்காவிட்டால் நாளைய பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. ஒன்ராறியோவில் 2015 செப்ரெம்பரில் ஆசிரியர் கல்வியின் காலத்தை இரட்டிப்பாக்கியபோது, வகுப்பறைப் பயிற்சியின் குறைந்தபட்ச நாட்களையும் 40இலிருந்து 80 ஆக்கினார்கள். பழகித்தான் ஆகவேண்டும் என்றால், எந்த நிபந்தனையோடு பழகலாம்?

1992இல் யாழ்ப்பாணத்தில் நான் ஆண்டு 6 மாணவன். ஆசிரிய கலாசாலையிலிருந்து ஓர் இளம் ரீச்சர் பயிற்சிக்கு வந்திருந்தார். அன்று அவரை மேற்பார்வை செய்ய வந்த விரிவுரையாளர் கடைசி வாங்கில் கொப்பியோடு இருந்தார். ரீச்சரின் கையில் சோக்கட்டி நடுங்கியது. "அரையைக் காலால் வகுத்தால் என்ன?" என்று என்னைக் கேட்டார். "அரைக்கால்" என்றேன். "மொக்கு, இரு!" என்றார். வகுப்பே சிரித்தது.

பாடம் முடிந்ததும் அந்த விரிவுரையாளரும் ரீச்சரும் வேப்பமரத்தின் கீழ் நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தநாள் ரீச்சர் வந்ததும் என்னை எழுப்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நேற்று நான் உம்மை ஏசினது பிழை. நீர் சொன்னது பெருக்கலுக்குச் சரியான விடை. நான் கேட்டது வகுத்தல்." பிறகு ஓர் அரை அப்பளத்தை இரண்டு காலாக உடைத்துக் காட்டினார். விடை இரண்டு. நான் கணக்கை வெறுக்காமல் போனதற்கு அந்த அப்பளமும் ஒரு காரணம்.

அன்று கடைசி வாங்கில் ஒருவர் இருந்திராவிட்டால்? அந்தப் பிழை பதியப்படாமலே போயிருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, அகதியாக இங்கு வந்து, களஞ்சியசாலையில் பெட்டி தூக்கி, மறுபடி படித்து ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் சொன்னது விளங்காத இடங்களிலும் தலையாட்டினேன். பட்டதாரியான எனக்கு, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். மூன்று கிழமைக்குப் பிறகு வங்கிக் கணக்கு இணங்கவில்லை. ஏன் பிழைவிட்டாய் என்று அவர் கேட்கவில்லை. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். இன்றுவரை என்னைச் சுடுவது அந்தக் கேள்விதான்.

பழகுபவர் பிழைவிடுவது குற்றமாகாது. அதை மறைத்தால், வழிகாட்ட வந்தவரின் கண்ணைக் கட்டிவிடுகிறோம். நட்டம் ஒன்றுமறியாத பிள்ளையின் தலையில் விழுகிறது. வழிகாட்டிக்கும் கடமை உண்டு. பார்க்காமலே 'மிக நன்று' என்று எழுதிக் கொடுப்பவர், பற்றுச்சீட்டுகளைத் திறக்காமல் கையொப்பமிடும் கணக்காய்வாளருக்குச் சமம். மனம் நோகுமே என்று உண்மையைச் சொல்லாது விடுவது இரக்கம்போலத் தெரியும். அந்த இரக்கத்துக்கான விலையைக் கொடுப்பது வகுப்பிலுள்ள பிள்ளை.

அப்படிச் செய்தாலும் கணக்கு முழுதாக நேராகிவிடும் என்று சொல்லமாட்டேன். அன்றைய சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மீதிக் கடனைப் பிந்தி வரும் பிள்ளைகளிடம்தான் ஓர் ஆசிரியர் கட்டித் தீர்க்கவேண்டும்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு இரவு மறுபடி பெறாமகளை அழைத்தேன். "பாடம் முடிஞ்சவுடன, பிழைச்சது எது எண்டதை நீயே முதலில உன்ர ரீச்சரிட்டச் சொல்லு. அடுத்தநாள் அந்தப் பிள்ளையிட்டத் திரும்பிப் போ" என்றேன்.

"பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கலாமோ, சித்தப்பா?"

"கேக்கலாம். என்னட்ட ஒரு ரீச்சர் கேட்டவ" என்றேன்.