ஆர்கனின் நுரையீரல்

புதிதாகக் கட்டிய ஆர்கனைச் சோதிக்க அழைத்தால், யோகான் செபாஸ்டியன் பாக் முதலில் எல்லாக் குழல் வரிசைகளையும் திறந்துவிட்டு, முழு முழக்கமாக வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவருடைய மகன் சொல்லிவைத்த செய்தி இது. இனிமையும் நயமும் அப்புறம். முதலில் மூச்சு.

1717 டிசம்பரில் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பவுலினர் ஆலயத்துக்கு அவர் வந்தது அப்படியொரு சோதனைக்காகத்தான். வேறு வேலைக்குப் போக விடுதலை கேட்டதற்காக வைமார் கோமகன் அவரை ஏறக்குறைய நான்கு வாரம் சிறையில் அடைத்து, அந்த மாதத் தொடக்கத்தில்தான் வெளியே விட்டிருந்தார். வந்த மனிதரின் அறிக்கையில் கசப்பின் சுவடே இல்லை. பெட்டிக்குள் இடம் நெருக்கம், பழுது பார்ப்பது கடினம். ஆனால் அதற்காக, ஆர்கனைக் கட்டிய யோகான் ஷைபேயைக் குறை சொல்ல முடியாது என்று எழுதுகிறார். காற்று சில வேளை குப்பென்று தள்ளுகிறது, அதைச் சீராக்க வேண்டும். பின்னால் இருக்கும் ஜன்னலை உட்புறமாக ஒரு சிறு சுவரோ இரும்புத் தகடோ வைத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையும் வெயிலும் கெடுத்துவிடும்.

இந்த அறிக்கையை நான் ஒரு தியானக் குறிப்பாகவே படிக்கிறேன். நம்மூர் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை அசைக்க, மறு கை சுரம் பிடிப்பதுபோலத்தான் ஆர்கனும். அந்நாளில் துருத்தியை மிதிக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். ஆராதனைக்கு வந்தவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் மிதித்த காற்று சீராக வந்தால்தான் பாட்டு பாட்டாக இருக்கும். ஜெபமும் அப்படித்தான். ஆவேசமாக வருவதும் பிறகு வற்றிப்போவதும் எல்லோருக்கும் நேர்வதுதான். தேவைப்படுவது, யாரும் பாராத இடத்தில் நாள்தோறும் நடக்கும் அந்தச் சீரான உழைப்பு.

அந்தப் பவுலினர் ஆலயம் 1240இல் தோமினிக்கன் துறவிகளுக்காக அர்ச்சிக்கப்பட்டது. 1545இல் மார்ட்டின் லூதர் அதைப் பல்கலைக்கழக ஆலயமாகப் பிரதிஷ்டை செய்தார். ஷைபேயின் ஆர்கன் 19ஆம் நூற்றாண்டில் போய், அந்த இடத்துக்கு வேறொன்று வந்தது. குழல்கள் மாறின, காற்று நிற்கவில்லை. 1943 டிசம்பரில் நகரத்தின் மேல் குண்டுமழை பொழிந்தபோதும் ஆலயம் தப்பியது.

போரில் தப்பியதை அமைதிக்காலம் விட்டுவைக்கவில்லை. ஆலயம் நின்ற சதுக்கத்தைப் புதிதாகக் கட்ட நினைத்த கிழக்கு ஜெர்மனி அரசுக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. 1968 மே 23, இயேசுவின் விண்ணேற்றத் திருநாள். அன்றுதான் நகர மன்றம் இடிக்கத் தீர்மானித்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. மே 30 காலை பத்து மணிக்கு வெடி வைத்தார்கள். 700 ஆண்டுக்கு மேல் நின்ற கட்டடம் சில நொடிகளில் புழுதியானது.

எல்லாம் நிலையற்றது என்று ஒரு வரி சொல்லி இந்த இழப்பைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. அது அழிந்ததல்ல, அழிக்கப்பட்டது. பற்றறுப்பு என்ற பெயரில் அநியாயத்தைக் கண்மூடி ஏற்பது ஆன்மிகம் ஆகாது.

லைப்சிக் இளைஞர்கள் சிலர் அப்படி ஏற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, சர்வதேச பாக் போட்டியின் நிறைவு விழா. மேடைக்கு மேலே ஒரு துணிப்பதாகை தானாக விரிந்தது. அதில் ஆலயத்தின் உருவம். மீண்டும் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை. விரித்தது, கம்பியில் பொருத்தியிருந்த ஓர் அலாரம் கடிகாரம். அரங்கம் விடாமல் கைதட்டியது. அந்த எதிர்ப்பில் பங்குகொண்ட இயற்பியல் மாணவர்களான ஹரால்ட் ஃப்ரிட்ஷ், ஷ்டெஃபான் வெல்ஸ்க் இருவரும் அதே கோடையில் மடக்குப் படகொன்றில் பல்கேரியாவிலிருந்து கருங்கடல் வழியாகத் துருக்கிக்குத் தப்பினார்கள். பின்னால் பிடிபட்ட நண்பர்கள் சிறைக்குப் போனார்கள்.

இன்று அதே இடத்தில் டச்சுக் கட்டடக் கலைஞர் எரிக் வான் எகெராட் வடிவமைத்த புதிய மண்டபம் இருக்கிறது. 2017இல் திறந்தார்கள். கூரையிலிருந்து இறங்கும் கண்ணாடித் தூண்களில் சில தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. புதிய ஆர்கனும் ஒலிக்கிறது. பழையது திரும்பவில்லை, இனித் திரும்பப் போவதும் இல்லை.

1729 அக்டோபரில் ஒரு முதிய பேராசிரியரின் இறுதிச் சடங்குக்காக அந்தப் பழைய ஆலயத்தில் பாக் ஒரு பாடலை அரங்கேற்றினார். இரண்டு பாடகர் குழுக்கள், எட்டுக் குரல்கள். பாடலுக்கு ஆதாரம் ரோமர் நிருபம் எட்டாம் அதிகாரம், 26ஆம் வசனம்: என்ன வேண்டுவதென்றே தெரியாமல் நாம் நிற்கும்போது, சொல்லுக்கு அடங்காத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டிக்கொள்கிறார் என்ற செய்தி. அன்று பயன்பட்ட இசைத்தாள்கள் அழியாமல் இருக்கின்றன. உலகமெங்கும் பாடகர் குழுக்கள் அந்தப் பாடலைப் பாடிக்கொண்டிருக்கின்றன. ஏழெட்டு நிமிடப் பாடல்தான். ஒருமுறை கேளுங்கள். பாடுகிறவர்கள் எங்கெங்கே மூச்செடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.