யாருக்கு வாய் தவறலாம்?

சில வருடங்களுக்கு முன், தோழி ஒருத்திக்குத் துணையாகப் புதுச்சேரியில் ஒரு நீதிமன்றத்துக்குப் போனேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவள் கொடுத்த மனு அன்று விசாரணைக்கு வந்திருந்தது. கணவர் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, பெண் நடுவரைப் பார்த்து "அய்யா" என்று ஆரம்பித்தார். அறையே சிரித்தது. "மன்னிக்கணும் அம்மா, பழக்கதோஷம்" என்று அவரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

அடுத்து அவர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். கணவர் அடித்தது மாசி மகத்துக்கு மறுநாள் என்று மனுவில் இருந்தது. தோழி பதற்றத்தில் "முந்தின நாள்" என்றாள், உடனே திருத்தினாள். "மனுவில் சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" என்றார் வழக்கறிஞர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒரே அறையில் இரண்டு பேருக்கு வாய் தவறியது. அவருடையது வேடிக்கை, அவளுடையது முரண்பாடு.

2022 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ரேகா பல்லியை ஒரு வழக்கறிஞர் திரும்பத் திரும்ப "சார்" என்றார். நான் சார் இல்லை என்று நீதிபதி சொன்னதும், நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியால் அப்படி வந்துவிட்டது என்றார் அவர். நாற்காலி சார்களுக்கானது என்று இன்னும் நினைப்பது அதைவிட மோசம் என்றார் நீதிபதி. அவர் அதைச் சிரித்துக் கடக்கவில்லை. நான் கடந்தேன், அதுதான் உறுத்துகிறது.

குறுக்கு விசாரணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது எதிர்த்தரப்பின் உரிமை. ஆனால் பயத்தில் நாள் குழம்புவது பொய் ஆகிவிடாது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் நம்பகமான சாட்சியத்தைச் சிறு முரண்பாடுகளுக்காகத் தள்ளக் கூடாது என்று 1996-இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தினமும் வாதாடிப் பழகியவருக்கே நாக்கு பிறழுமானால், முதல்முறை கூண்டேறியவளுக்குப் பிறழாதா? அவருக்கு நாம் உடனே கொடுத்த மன்னிப்பில் பாதியையாவது அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை?

வெளியே டீக்கடையில் நின்றபோது தோழி கேட்டாள்: "அவரு மன்னிக்கணும் அம்மான்னாரு, முடிஞ்சுபோச்சு. நான் யார்கிட்டடி சொல்றது?"