பத்தாவது ஆள்

வெள்ளிக்கிழமை மாலை. கொடைக்கானலுக்கு அண்மையில் உள்ள வட்டக்கானல் சிற்றூரில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பும் வழியில், தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்திருந்தோம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த வெளிநாட்டு இளைஞர் ஒருவர் மேட்டுப் பாதையிலிருந்து விரைந்து இறங்கிவந்தார். கடையில் இருந்த அயல்நாட்டினர் ஒவ்வொருவரிடமும் ஏதோ வினவினார். அவர்கள் இல்லையெனத் தலையசைக்கவே, அடுத்த கடையை நோக்கி ஓடினார். "பத்தாவது ஆளத் தேடுறாங்க சாமி" என்றார் கடைக்காரர், பால் காய்ச்சியபடியே. "ஒம்பது பேருதான் இருக்காங்களாம். அதுல ஒரு பையனுக்கு இன்னிக்கு அவுங்க அப்பா செத்த நாளு. பத்து ஆம்பள சேந்தாத்தான் அந்தச் செபத்தச் சொல்ல முடியுமாம்."

செபிக்க ஆள் தேடி ஒருவர் மலைப்பாதையில் ஓடுவதை நமது குருத்துவ வாழ்வில் அதற்குமுன் நாம் கண்டதில்லை. அந்தக் காட்சி எழுப்பிய கேள்வி இன்றும் நம்மை விட்டபாடில்லை. ஒருவருடைய செபத்திற்கு மற்றொருவருடைய இருப்பு ஏன் தேவைப்படவேண்டும்?

வட்டக்கானலுக்கு ஆண்டுதோறும் மழைக்காலம் ஓய்ந்தபின் இஸ்ரயேல் நாட்டு இளைஞர்கள் வருவது வழக்கம். தம் நாட்டின் கட்டாய இராணுவப் பணியை முடித்துவிட்டு, பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றி வருபவர்கள் இவர்களில் பலர். அவர்களுக்காகச் சபாத் என்னும் யூத இயக்கத்தாரின் இல்லம் ஒன்று பயணக் காலங்களில் அங்கு இயங்கி வந்திருக்கிறது. யூதருக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் வேளையில் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும்போது முடிகிறது. அந்த நேரத்தில் நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் கூடா. எனவே விருந்து முழுவதும் முன்னதாகவே ஆயத்தமாக வேண்டும். நம் மலையில் விளைந்த உருளைக்கிழங்கையும் கேரட்டையும் யாரோ ஒருவர் நறுக்குகிறார். ஒருவர் மேசைகளை அடுக்குகிறார். ஒருவர் மன்னாவின் இரட்டைப் பங்கை நினைவூட்டும் இரண்டு அப்பங்களைத் துணியால் மூடிவைக்கிறார். கூலி பெறுவோர் எவருமிலர். நேற்றுவரை ஒருவரையொருவர் அறியாத வழிப்போக்கர்கள் இன்று ஒரே மேசையின் பணியாளர்கள். மறுநாள் இரவு, திராட்சை இரசத்தோடும் நறுமணப் பொருள்களின் வாசனையோடும் பின்னிய மெழுகுதிரியின் ஒளியோடும் ஓய்வுநாளை வழியனுப்புகிறார்கள். கிராம்பும் பட்டையும் அதற்கு ஆகும். பழநி மலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் ஏலமும் ஆகும்.

அவர்களது பொதுவழிபாட்டின் சில பகுதிகளைப் பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூடினாலன்றிச் சொல்லுதல் இயலாது. அக்கூட்டத்திற்கு ‘மின்யான்’ என்று பெயர். திருச்சட்ட ஏட்டுச்சுருளிலிருந்து முறைப்படி வாசிக்கவும், இறந்தோருக்காக உறவினர் சொல்லும் ‘கதிஷ்’ என்னும் செபத்தைச் சொல்லவும் மின்யான் வேண்டும். கதிஷ் செபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் திருப்பெயர் போற்றப்படுவதாக என்பதே அதன் உட்பொருள். தந்தையை இழந்த மகன் பதினோரு திங்கள் இச்செபத்தைச் சொல்கிறான். பின்னர் ஆண்டுதோறும் நினைவுநாளில் சொல்கிறான். அவன் சொல்ல, சூழ நிற்போர் ‘ஆமென்’ என விடையளிக்கிறார்கள். விடையளிக்க ஆள் இல்லையெனில் அந்தப் போற்றுரை அவன் நாவிலேயே நின்றுவிடுகிறது.

அன்று பத்தாவது ஆள் கிடைத்தார். தோளில் பையும் கலைந்த நீள்முடியுமாகக் கடையின் மூலையில் அமர்ந்திருந்த ஒருவர், இரண்டாம் முறை அழைக்கப்பட்டபோது எழுந்தார். தாம் கடவுளை நம்புகிறவர் அல்லர் என்று ஆங்கிலத்தில் அவர் சொன்னது நம் செவியில் விழுந்தது. "பரவாயில்லை, அவனுக்கு நீங்கள் வேண்டும்" என்றார் அழைக்க வந்தவர். சிறிது நேரத்திற்குப் பின் அந்த வீட்டைக் கடந்து செல்கையில், பனியினூடே பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. அறியாத மொழியில் அறிந்த ஒரு சொல்: ‘ஆமென்’. நாள்தோறும் பீடத்தில் நாம் சொல்லும் அதே சொல்!

கடவுளுக்குக் கணக்கு எதற்கு என்று நம் வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. கதவை அடைத்துக்கொண்டு மறைவாகச் செபிக்கும்படி கற்றுத்தந்தவர் நம் ஆண்டவர். இரண்டு மூன்று பேர் கூடினாலும் அவர்கள் நடுவே தாம் இருப்பதாக வாக்களித்தவரும் அவரே. யூதரும் தனியே செபிப்பவர்கள்தாம். காலை, நண்பகலுக்குப் பின், இரவு என நாளுக்கு மும்முறை செபிக்கும் கடமை தனித்திருப்பவருக்கும் உண்டு. அப்படியாயின் பத்து எதற்கு? நமக்குத் தோன்றும் விடை இதுதான்: பத்து என்னும் எண் கடவுளின் தேவைக்காக ஏற்பட்டதன்று. துயருற்ற ஒருவர் தம் துயரோடு தனித்து நிற்கக் கூடாது என்பதற்காகச் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்ட கடன் அது. இதனால் ஆலயத்திற்குச் செல்வது அவரவர் ஆன்ம இலாபத்திற்கு என்ற கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எனக்கு இன்று செபிக்க மனமில்லாதிருக்கலாம். என் அயலாருக்கு இன்று செபித்தே ஆகவேண்டியிருக்கலாம். நான் வராவிட்டால் அடைபடுவது அவர் வாய்.

யூத மறைநூல் அறிஞர்கள் இந்த எண்ணை எங்கிருந்து பெற்றார்கள் என்பது வியப்பூட்டுவது. சோதோம் நகருக்காகப் பரிந்துபேசிய ஆபிரகாம், நீதிமான்களின் எண்ணிக்கையைப் பத்துவரை குறைத்துக் கேட்டது நம் நினைவுக்கு வரும். தால்மூதோ எண்ணிக்கை நூலைச் சுட்டுகிறது. கானான் நாட்டை உளவு பார்க்கச் சென்ற பன்னிருவரில் யோசுவாவும் காலேபும் நீங்கலாக எஞ்சிய பதின்மர் மக்களை மனந்தளரச் செய்தார்கள். இறைவன் சினந்து ‘தீய கூட்டம்’ என்று கடிந்துரைத்தது அவர்களையே. பத்துப் பேர் சேர்ந்தால் கூட்டம் என்ற விதி அந்த இடத்திலிருந்து பெறப்பட்டது! புனிதர்களின் கணக்கிலிருந்து வராமல், தவறியவர்களின் கணக்கிலிருந்து வந்த எண் அது. ஒன்பது மறைவல்லுநர் கூடினாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்போர் கூடினால் ஆகும் என்ற பேச்சும் யூதரிடையே வழங்குகிறது. தகுதியை அளக்காமல், நிற்கும் ஆளை எண்ணுகிற அறம் இது.

இங்கு ஒன்றைச் சொல்லாது கடத்தல் நேர்மையாகாது. 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் மடிந்த பல்லாயிரவரை, அவர்களுள் இருந்த குழந்தைகளை, நாம் மறக்கவில்லை. அதே அக்டோபர் 7 அன்று இஸ்ரயேலில் கொல்லப்பட்டோரையும் மறக்கவில்லை. அரசுகளின் செயலுக்கு நீதி கேட்பது ஒரு கடமை. இறந்த தந்தைக்காக நிற்கும் ஒரு மகனிடமிருந்து கற்றுக்கொள்வது மற்றொரு கடமை. முன்னது பின்னதைத் தடுக்க வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ளத் திருச்சபையும் நம்மைப் பணித்துள்ளது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, யூத மக்களோடு நமக்குள்ள உறவை நினைவூட்டியது. 1986 ஏப்ரல் 13-இல் உரோமை நகரின் பெரிய தொழுகைக்கூடத்திற்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என அழைத்தார். நம் ஆண்டவரும் தம் வழக்கப்படியே ஓய்வுநாளில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்திற்குச் சென்றார் என லூக்கா எழுதுகிறார். பத்துப் பேர் விதி பிற்காலத்தில்தான் இறுதி வடிவம் பெற்றது என்றாலும், ‘வழக்கப்படி’ என்ற அச்சொல்லை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. அச்சிற்றூரின் தச்சர்களும் உழவர்களும் கூடிய அவையில், முப்பது ஆண்டுகளாக அவரும் ஓர் ஆளாக இருந்திருக்கிறார்.

ஆயினும் எண்ணும் சமூகம் யாரை எண்ணாமல் விடுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். வட்டக்கானலில் கூடுவோர் வந்துபோகும் பயணிகள். நம் அருகே தலைமுறை தலைமுறையாக நிலைகொண்டு வாழ்ந்த யூதரை அறிய, பழநி மலைத்தொடருக்கு மேற்கே, ஆனைமலையையும் கடந்து கொச்சிக்குச் செல்ல வேண்டும். மட்டாஞ்சேரியின் பரதேசித் தொழுகைக்கூடம் 1568-இல் எழுப்பப்பட்டது. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் நெடுங்காலம் அதன் உள்ளே இருக்கையில் அமரவோ, திருச்சட்டம் வாசிக்க அழைக்கப்படவோ உரிமை பெறவில்லை. முன்கூடமே அவர்களுக்கு இடம். அவர்களுள் ஒருவராகப் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; கொச்சிச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே கையாண்டு, அத்தடைகள் ஒவ்வொன்றாய்த் தளரப் பாடுபட்டார். ‘யூத காந்தி’ என்று அவரை மக்கள் அழைத்தனர்.

1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானது. 1950-களில் கேரள யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரும் நாளடைவில் மிகச் சிலராயினர். பிறப்பைப் பார்த்து ஆட்களை முன்கூடத்தில் நிறுத்திய அதே தொழுகைக்கூடத்தில், பத்தாவது ஆளுக்காக வழிப்போக்கரை எதிர்நோக்கும் காலம் வந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நமக்குக் கண்ணாடியாகச் சொல்கிறோம். சாதியினரைப் பிரித்து நின்ற வடக்கன்குளம் தேவாலயச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கல்லாலான சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டங்களிலும் தேர்த்திருவிழாக்களிலும் மனத்தாலான சுவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. மரபு வழுவாத யூதர் பெண்களை மின்யானில் எண்ணுவதில்லை என்று நாம் குறைகூற முற்பட்டால், ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியில் பெண்களும் சிறுவரும் நீங்கலாகக் கணக்கிட்டது நம் நற்செய்தி ஏடு என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வாரநாள் திருப்பலியில் நம் ஆலயங்களைத் தாங்கி நிற்பவர்கள் அந்தப் பெண்களேயன்றோ!

ஒரு தவற்றை அறிக்கையிட்டு இக்கட்டுரையை முடிக்க விரும்புகிறோம். தவறு நம்முடையதே. யூதச் சமூகங்களில் இறந்தோரைக் கழுவி, உடுத்தி, அடக்கம் செய்யும் தன்னார்வச் சபை ஒன்று உண்டு. அவர்கள் செய்யும் பணிக்கு ‘உண்மையான அன்பு’ என்று பெயர்; ஏனெனில் இறந்தவரால் கைம்மாறு செய்ய இயலாது. சாகும் தறுவாயில் யாக்கோபு தம் மகன் யோசேப்பிடம் கேட்டதும் அந்த அன்பையே. இதனைப் படித்த நாளில் நம் மனம் சில ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை மழைநாள் ஒன்றுக்குச் சென்றது. அப்போது நாம் பணியாற்றிய மலைப்பங்கு ஒன்றில் தோட்டத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவர் எந்தத் தெருவினர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மற்றத் தெருவினர் வரவில்லை. சவப்பெட்டியைத் தூக்க மூவர் மட்டுமே இருந்தனர். நாம் செபநூலும் குடையுமாக ஆலய முகப்பில் நின்று, "யாரும் வரவில்லையா?" என்று இருமுறை கேட்டோம். இறந்தவரின் மனைவி நம்மை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவ்வழியே வந்த ஜீப் ஓட்டுநர், இசுலாமியச் சகோதரர், வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, நான்காவது தோளைக் கொடுத்தார். கல்லறைவரை நனைந்தபடியே நடந்தார்.

நமக்கும் இரண்டு தோள்கள் இருந்தன என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. செபிப்பது குருவின் வேலை, சுமப்பது மற்றவர் வேலை என்று எண்ணியிருந்தோம். வட்டக்கானலில், நம்பிக்கையில்லாத ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து சென்றதைக் கண்டபோதுதான் அந்த விதவையின் பார்வை நமக்கு விளங்கிற்று. அவர் நம்மிடம் செபத்தைக் கேட்கவில்லை. ஆளைக் கேட்டார்.

அதன்பின் இரண்டு பழக்கங்களை மேற்கொண்டுள்ளோம். ஆள் குறைவென்று வாரநாள் திருப்பலியை நிறுத்துவதில்லை. வந்த மூவருள் ஒருவருக்கு அன்று ‘ஆமென்’ சொல்ல வேறு இருவர் தேவைப்பட்டிருக்கலாம். அடக்கத்திற்குச் செல்லும்போது குடையைப் பிறரிடம் தந்துவிட்டு, சிறிது தொலைவேனும் பெட்டிக்குத் தோள் கொடுக்கிறோம். இவை பெரிய காரியங்கள் அல்ல.

அன்பார்ந்த வாசகரே, உமது அன்பியத்தில் இவ்வாரம் எந்த வீட்டில் செபக்கூட்டம்? அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் செல்லும். செபிக்க மனமில்லையாயினும் செல்லும். அங்கே ஒருவர் ஒன்பது பேரை எண்ணிவிட்டு, வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.