கட்டளை நிற்கும், கிருமி சாகாது

தாமலில் நெல் அறுத்துத் தூற்றும் நாட்கள். ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியரிடம் பாடம் கேட்க வந்த மாணவி, அப்பாவின் இன்ஹேலரைத் திண்ணையில் வைத்தாள். உள்ளே இருப்பது புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு.

“ஐயா, அழற்சிதானே உடம்புக்குக் காவல்? அதன் வாயை அடைப்பது எப்படி வைத்தியமாகும்?”

“காவல்காரன் நெல் தூசியையும் கிருமி என்று நினைத்துக்கொண்டால் என்னம்மா செய்வது?”

மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்லைத் தூசி சீண்டினால், என்.எஃப். கப்பா பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் நுழைகிறது. அங்கே இறுகிக் கிடக்கும் டி.என்.ஏ. சில இடங்களில் தளர்கிறது. அழற்சிக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. செல் அனுப்பும் ரசாயனச் செய்திகளைக் கேட்டு வெள்ளணுக்கள் திரள, குழாய் வீங்கிச் சுருங்குகிறது. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது.

ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் மூலக்கூறு. செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், தனக்கான ஏற்பியோடு சேர்ந்துகொண்டு அதுவும் கருவுக்குள் நுழைகிறது. எச்.டி.ஏ.சி. 2 என்ற நொதியை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. “காஞ்சிபுரத்தில் பிரிந்த பட்டு நூலைத் திரும்பக் கண்டில் சுற்றுகிறார்களே, அப்படி டி.என்.ஏ. இறுகிவிடும். இறுகிய இடத்தைச் செல்லால் படிக்க முடியாது” என்றார் ஆசிரியர். அழற்சியை அடக்கும் புரதங்கள் சிலவற்றையும் ஸ்டீராய்டு உண்டாக்கவைக்கிறது. இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும்; முழுப் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். இழுப்பு வந்த நிமிடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று பரணில் போடுபவர்கள் இழப்பது இந்தப் பலனைத்தான்.

“அப்படியென்றால் கிருமி எதுவும் சாகவில்லையே?”

“ஒன்றுகூடச் சாகாது. கட்டளை மட்டும் நிற்கும். அட்ரினல் சுரப்பியின் கார்டிசாலும் இதைத்தான் செய்கிறது. தன் சீற்றத்தைத் தானே தணித்துக்கொள்ள உடம்புக்குத் தெரியும் அம்மா.”

“அடக்குவது நல்லதென்றால் எல்லாருக்கும் கொடுக்கலாமே?”

ஆசிரியர் 2020 ஜூனுக்குப் போனார். பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில் கோவிட் நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், இந்த மருந்தும் சேர்ந்தபோது 29.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் 14 சதவீதம் என்றிருந்தது 17.8 ஆனது. இந்த உயர்வு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு.

இந்தக் கடைசிக் கணக்குதான் நம்மிடம் சரியாக வந்து சேரவில்லை. 2021 இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் உண்டு. இந்த மருந்து சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பையும் குறைக்கும். கட்டுப்படாத சர்க்கரையோடு அதுவும் சேர்ந்த உடம்புகளில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. அந்த மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

“அப்பாவுக்கும் அந்தப் பயம்தான் ஐயா. ஸ்டீராய்டு என்றாலே தொடமாட்டேன் என்கிறார்.”

“டெக்சாமெத்தசோன் மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். இது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், அதுவும் ஒரு பூஞ்சைதான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “பீடி பிடிக்கிறாரா?”

அவள் தலையாட்டினாள்.

“புகை அந்த எச்.டி.ஏ.சி. 2 நொதியையே முடக்கும். மருந்து கருவுக்குள் போனாலும் நூலைச் சுற்ற ஆள் இருக்காது. முதலில் அதைப் பேசு.”