துவர்ப்புக்கு எத்தனை மார்க்

ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் பார்க்கர் என்கிற அமெரிக்க வக்கீல். 1978இல் அவர் தொடங்கிய பத்திரிகை விளம்பரம் வாங்காதது. அந்த வகையில் நம் ஜாதி. அவருடைய அளவுகோல் 50இல் தொடங்கி 100இல் முடியும். அமெரிக்கப் பள்ளிக்கூடத்து மார்க் முறை. இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். க.நா.சு.வின் பட்டியல்களைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நமக்கு இதில் நிறையவே இருக்கிறது.

நம் மாவட்டத்தின் வழியாக ஓடும் தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அதே மலையடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கம், குரோவர் திராட்சைத் தோட்டம். 1988இல் ஆரம்பித்தது, 2012இலிருந்து குரோவர் ஸாம்பா. பிரான்சிலிருந்து மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். அவர்களுடைய 'லா ரிசர்வ்' சிவப்பு ஒயின், கபர்னே சோவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகள் கலந்து ஓக் பீப்பாயில் முதிர்ந்தது. இந்த ஒரே ஆலையின் கனத்த சிவப்பு ஒயின்களை மட்டும் வரிசையாக வைத்து மார்க் போடுவதாகக் கொள்வோம். மண் ஒன்று, கை ஒன்று. மிஞ்சும் வித்தியாசம் திராட்சையும் வருஷமும் பீப்பாயும்தான். இதைவிட நியாயமான பரீட்சை இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் நாக்கு ஒன்றாக இருப்பதில்லை. சிவப்பு ஒயினின் துவர்ப்புச் சத்து எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது, வாய் வறள்கிறது, கோப்பைக்குக் கோப்பை அந்த வறட்சி ஏறிக்கொண்டே போகிறது. நான்காவது கோப்பையைத் தீர்மானிப்பது முதல் கோப்பையைத் தீர்மானித்த நாக்கு அல்ல. அப்போது உரக்கப் பேசுகிற ஒயின் ஜெயிக்கிறது, மெல்லியது நீர்த்ததாகத் தெரிகிறது. ஜெயித்ததைச் சாப்பாட்டோடு வைத்தால் ஒரு கோப்பை முடிப்பதே பாடு. கவியரங்கத்தில் கைதட்டு வாங்கிய கவிதையை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக் கடன் கொடுக்கிறோம். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து மாற்று சொல்வார். வேறொருவரை அழைத்து வந்தாலும் ஏறக்குறைய அதையேதான் சொல்வார். பதில் தங்கத்தில் இருக்கிறது. ஆர்னால்டு 1880இல் கவிதைக்கும் ஓர் உரைகல் உண்டு என்றார், பி.ஏ. வகுப்பில் நாங்கள் அதை உருப்போட்டோம். ஒயினுக்கு இந்த உரைகல் உண்டா என்று பார்த்தவர் ராபர்ட் ஹாட்ஜ்சன், தாமே சிறிய ஒயின் ஆலை வைத்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். கலிபோர்னியா மாநிலப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியின் ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை, மற்ற ஒயின்களுக்கு நடுவே வைத்தார். மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் நின்றவர்கள் சுமார் பத்தில் ஒருவர். முடிவு 2008இல் வெளியாயிற்று.

இதைக் கேட்டவுடன் 'எல்லாம் அவரவர் ருசி' என்று கையை உதறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பெருந்தன்மை போலத் தோன்றுகிற சோம்பேறித்தனம். டேவிட் ஹியூம் ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் 'டான் கிஹோத்தே'யிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின், ஆனால் இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல் வாரில் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது.

இந்த இருவரும் மார்க் போடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். தோல், இரும்பு என்று இன்னொருவன் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள், சிரிப்புக்கு ஆளானார்கள். எண்பத்தேழு என்று சொல்பவன் எதையும் பணயம் வைப்பதில்லை. எண்பத்தேழு தவறு என்று எப்படிக் காட்டுவது?

அதே சமயம் சொல்லும் வார்த்தை நம் வாயிலிருந்து வரவேண்டும். கறுப்பு காரன்ட் பழத்தை ஜன்மத்தில் பார்த்திராதவர் ஒயினில் அதன் மணம் இருப்பதாக எழுதுகிறார். நாவற்பழம் தின்று நாக்கு நீலமானவருக்கு, கடுக்காய் கடித்தவருக்கு, சொல் கைவசம் இருக்கிறது. மேற்கத்தியர் துவர்ப்பைச் சுவையாகவே எண்ணுவதில்லை, தொடு உணர்வு என்கிறார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று. எலியட்டிடம் கடன் வாங்கிய சொற்களில் தமிழ்க் கவிதையை எடை போடும் நம் விமர்சனத்திலும் இந்தக் காரன்ட் வாடை அடிக்கத்தான் செய்கிறது.

தகடூர் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று வருகிறது. சுவை பற்றி ஒரு சொல் இல்லை. ருசி என்பது கூடிக் குடிப்பதில்தான் இருக்கிறது என்று இதை வைத்து ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படிப் படவில்லை. ஔவை மதிப்பிடுவது கள்ளை அல்ல, ஆளை. அனுபவம் நிறைவாக இருந்தது என்பது கள் நன்றாக இருந்தது என்பதற்குச் சாட்சியாகாது.

க.நா.சு. பட்டியல் போட்டார், காரணம் சொல்லவில்லை என்பது பழைய புகார். ஆனால் அவர் பெயர் சொன்னார், விட்டுப்போன பெயர்களுக்காக வசவு வாங்கினார். அதில் பணயம் இருந்தது. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா அலசினார். பீப்பாயைக் கடைசிவரை காலி செய்து சாவியைத் தேடினார். சில சமயம் குடிக்க மிச்சமில்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் செல்லப்பா பக்கம், சற்றுத் தாகத்தோடு.

நம் வட்டத்தில் இப்போது ஒரே கவிஞரின் நாற்பது கவிதைகள் சுற்றுக்கு வந்திருக்கின்றன, பத்துக்கு இத்தனை என்று போட ஒரு கட்டத்தோடு. கட்டங்களைக் காலியாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி எழுதியிருக்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆறு கவிதைகளுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. அவை வரிசையில் முப்பதுக்கு மேல் வந்தவை. வேறொரு நாள், வேறெதையும் படிக்காமல், அவற்றை மட்டும் படிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.