கொடாத இரத்தம்



ஆனேக்கல் வட்டத்திலுள்ள பன்னேருகட்டா உயிரியல் பூங்காவைக் கண்டு திரும்பிய உபாசகர் ஒருவர் எம்மை வினவினார்: "நோயறியக் கூண்டுக் குரங்கின் இரத்தத்தை எடுப்பார்களாமே, கொடாததைக் கொள்ளேன் என்று சீலம் ஏற்றோம். குரங்கு தன் இரத்தத்தைக் கொடுத்ததோ?" இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

குரங்கு தன் நோயை மறைக்கும் இயல்புடையது. அது சோர்ந்து விழுமுன் நோய் முற்றிவிடும். இரத்தமோ முன்னரே உரைக்கும். வெள்ளணுக்கள் பெருகின் தொற்றையும், சிவப்பணுக்கள் குறையின் சோகையையும், யூரியா மிகின் சிறுநீரகத் தளர்ச்சியையும் மருத்துவர் ஐயுறுவர். காசநோய்க்கும் இரத்தச் சோதனை உண்டு. எனினும் இமைத்தோலில் இடும் ஊசிச் சோதனை, மார்புப் படம், கிருமி வளர்ப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டே முடிவு செய்வர். பற்றி அடக்கினால் அச்சமே வெள்ளணுக்களையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஆகலின் மயக்கமருந்து இடுவர். சிலவிடங்களில் கனி தந்து, குரங்கு தானே கை நீட்டப் பழக்குவர்.

கூண்டுக் குரங்கிற்குக் காசநோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்தே தொற்றுகிறது. அடைத்தவரும் நாம், நோய் தந்தவரும் நாம் எனின், கடன் யாருடையது?

யாம் பஞ்சாலையில் உழைத்த நாளில் எம்மை வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்தனர். முடிவை எவரும் உரைத்திலர். சின்னாளில், இருமிக்கொண்டிருந்த தோழர் ஒருவரை வேலையினின்று நிறுத்தினர், மருந்து தந்திலர். அன்று எம்மை வருத்தியது ஊசியன்று.

காசநோய் உறுதிப்பட்ட குரங்கை, பிறவற்றைக் காக்கக் கொன்றுவிடும் வழக்கமும் உலகில் உண்டு. தனியே வைத்து மருந்தளிக்க வழியிருக்கக் கொல்லின், ஒரு துளி இரத்தம் உயிரையே கவர்ந்ததாகும்.

செயலை எண்ணத்தால் அளக்கக் கற்பித்தவர் பகவன் புத்தர். குரங்கின் நலம் கருதி எடுத்து, மருந்து தந்து, கூண்டையும் திருத்தினால், எடுத்தது அதற்கே திரும்பியது. ஏட்டிலெழுதி மூடிவைப்பின், அது கொடாததைக் கொண்டதே. ஆயினும் அடைத்துவைத்த குற்றம் ஊசியால் தீர்ந்ததென்று எண்ணற்க.

அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், சோழ பாண்டிய நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் அமைத்ததைப் பொறித்தார். அம்மரபின் வழிவந்தோம் எனில், சோதனையோடு நில்லாது சிகிச்சை வரை செல்வதே நம் கடன்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க.